கெலெராவின் அணி

வைலோமா,
11 பிப்ரவரி 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே அமைதிப்படை முகாமில் பகலில் வெயில் கொளுத்துகிறது, இரவில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. அப்பா கோயிலுக்குப் புதுக் கூரை போடும் வேலையில் இருக்கிறார். சாப்பிடும் நேரத்தில் மட்டும்தான் அவரை வீட்டில் பார்க்க முடிகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் பழைய பந்தை எடுத்துவிட்டேன். கோபப்படாதே. படிப்பை முடித்துவிட்டு, மாலையில் பள்ளிக்கூட மைதானத்துக்கு வலைப்பந்து ஆட வரும் பெண்கள், ஆட்டம் முடிந்ததும் கடற்கரைக்குப் போய் ஒரு தேங்காய் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி துரத்திக்கொண்டிருந்தார்கள். என்ன ஆட்டம் இது என்று கேட்டேன். மீன்காரர் செமிசியின் மகள் தோரிக்கா, அந்தத் தோள் அகலமான பெண், "ரக்பி டீச்சர், வேற என்ன?" என்றாள். கேட்ட நான்தான் அசடு என்பது போல. மறுநாள் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது வாரத்தில் மூன்று மாலை ஆடுகிறார்கள். விசில் என் கழுத்தில் தொங்குகிறது.

எனக்குத் தெரிந்த ரக்பியெல்லாம், நீ என்னைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திப் பந்து எறியச் சொல்வாயே, அதுவும், உன் ஆட்டங்களைப் பார்த்ததும்தான். ஓடி வருகிற ஆளை மடக்கிச் சாய்ப்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எழுது. யாருக்காவது எலும்பு முறிந்தால் ஊர் என்னைக் கடலில் தள்ளிவிடும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.
தங்கை கெலெரா


சினாய் முகாம்,
9 மார்ச் 1996

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். சளியெல்லாம் இல்லை. அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல்.

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில்காரனிடம் காட்டியிருக்கக் கூடாது. "உன் தங்கச்சி டீம் என்ன, பாவாடையோடவா ஆடுது?" என்றான். முகாம் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. பந்தை நீயே வைத்துக்கொள். ஆனால் இந்த வேலை வேண்டாம் கெலெரா. அப்பா சபை மூப்பர். நாளைக்கு ஒன்று என்றால் ஊர் உன்னைக் கேட்காது, அவரைத்தான் கேட்கும்.

போன வாரம் ஆஸ்திரேலியப் படையினரோடு ஆடி ஜெயித்தோம். நான் இரண்டு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினேன். ஊர் திரும்பியதும் தேசிய அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் கேப்டன் சொல்கிறார். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

அண்ணன் இலைதியா

பின்குறிப்பு: முதலில் விழக் கற்றுக்கொடு. விழத் தெரியாதவளை யாரும் சாய்க்கக் கூடாது. ஈர மணலில் ஆரம்பி. சாய்க்கிறவளின் தலை எதிராளியின் தொடைக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும், முன்னால் போகவே கூடாது.


வைலோமா,
21 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ அனுப்பிய படம் வந்தது. மெலிந்துவிட்டாய் என்று அம்மா அழுதாள்; மெலியவில்லை, சீருடை பெரியது என்று சொல்லி வைத்தேன்.

உன் கடிதத்தில் பின்குறிப்பை மட்டும் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். அலைகள் பின்வாங்கிய மணலில் விழுந்து விழுந்து பழகினார்கள். அலுமிதா என்று ஒருத்தி, குச்சி மாதிரி இருப்பாள், விழுந்த வேகத்தில் எழுந்து ஓடிவிடுவாள். அவளைப் பிடிக்க ஆளே இல்லை.

தோரிக்காவின் அப்பா ஒருநாள் மீன் வெட்டிய கத்தியும் கையுமாக நேராகக் கடற்கரைக்கே வந்து மகளை இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முறைப்படி பாயில் உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்துக் கேட்டேன். எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம்; அவர் வேரைத் தொடவில்லை.

"காலு கையி ஒடஞ்ச பொண்ண எவன் டீச்சர் கட்டிக்குவான்?" என்றார்.

"உங்க பெரிய பையன் போன வருஷம் ரக்பி ஆடி தாடையை ஒடச்சுக்கிட்டு வந்தான். அவனுக்குப் பொண்ணு கெடைக்கலையா?" என்றேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் அவர் மனைவி சிரித்துவிட்டாள். அவரும் அடக்கப் பார்த்து முடியாமல் வேரை எடுத்துக்கொண்டார். தோரிக்கா திரும்பி வந்துவிட்டாள்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மாலை ஜெபத்தில் நம் எல்லார் பெயரையும் வரிசையாகச் சொல்வாரே, அதில் இப்போது உன் பெயருக்குப் பிறகு அம்மா பெயர் வருகிறது. நடுவில் நான் இல்லை. அம்மா மட்டும் அந்த இடத்தில் லேசாகத் தொண்டையைச் செருமுகிறாள்.

நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்தேன். அடுத்து ஸ்க்ரம், இரண்டு பக்கமும் தோள் கோத்துக் குனிந்து தள்ளுவீர்களே, அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எப்படி?

அன்புடன்,
கெலெரா


சினாய் முகாம்,
16 ஜூன் 1996

அன்புத் தங்கைக்கு,

சுகம். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். செமிசியிடம் நீ பேசியதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் கேட்டான், காட்டவில்லை.

ஸ்க்ரம் பற்றித் தனித் தாளில் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். முதுகு மேசை மாதிரி நேராக இருக்க வேண்டும். தோரிக்காவை முன்வரிசையில் நிறுத்து. தள்ளுவது தோளால் இல்லை, பாதத்தால் என்று அவளுக்குப் புரிய வை. மூன்று மூன்று பேராக ஆரம்பி. எட்டுப் பேரை ஒரேயடியாகச் சேர்க்காதே.

இன்னொன்று. ஆட்டத்தைப் பந்து இருக்கும் இடத்தில் பார்க்காதே. பந்து இல்லாத இடத்தில் யார் சும்மா நிற்கிறாள், யார் ஓடி வருகிறாள் என்று பார். விளிம்பில் உட்கார்ந்து பார்த்தால் அது நன்றாகத் தெரிகிறது. ஆடும்போது எனக்குத் தெரிந்ததே இல்லை. களைத்த பிறகு ஒருத்தி எப்படி ஓடுகிறாள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் எல்லாருமே நன்றாக ஓடுவார்கள். அலுமிதாவைக் கடைசி ஓரத்தில் நிறுத்தி, பந்து அவளிடம் வரும்வரை பொறுக்கச் சொல். பொறுப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்பா அப்படித்தான். விடு.

இலைதியா


வைலோமா,
28 ஜூலை 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை ஒரு வரியாவது எழுது.

லம்பாசாவில் எங்கள் முதல் ஆட்டம் முடிந்தது. தோற்றோம். நன்றாகவே தோற்றோம். லாரியில் பின்னால் உட்கார்ந்து மலைப்பாதையில் போனதில் பாதிப் பேர் வாந்தி. பூட்ஸ் எல்லாருக்கும் இல்லை; ஆளுக்கு ஒரு கால் என்று பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று தோரிக்கா கேட்டாள். கடைசியில் எல்லாரும் வெறுங்காலோடு இறங்கினார்கள். வேலியோரம் நின்ற ஆண்கள் சிரித்த சிரிப்பை எழுதிக் காட்ட முடியாது. இரண்டு பேர் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு எங்களைப் போல ஓடிக் காட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். நான் பந்து இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் பாதியில் பந்து ஒருவழியாக அலுமிதாவிடம் போய்ச் சேர்ந்தது. அண்ணா, அவள் ஓடினாள். எங்கள் கோட்டிலிருந்து அவர்கள் கோடு வரை. சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. துணி கட்டியவன் அதை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

ஒன்று கேட்கிறேன். உன் போன கடிதத்தில் நீ ஆடியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எப்போதும் இருக்கும். அப்பா ஞாயிறுதோறும் கோயில் வாசலில், என் மகன் தேர்வுக்கு வரப்போகிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே ஆட்டம் நடக்கிறதா?

கெலெரா


வைலோமா,
13 அக்டோபர் 1996

அண்ணா,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகுநாளாகிறது. உன் படைப்பிரிவில் இருக்கும் மற்றவர்களின் வீடுகளுக்குக் கடிதம் வருகிறது. அம்மா தபால் படகு வரும் நாளில் வேறு வேலை பார்ப்பதில்லை.

கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தால் விட்டுவிடு. பெண்களைப் பற்றியாவது எழுது. இரண்டு ஆட்டம் ஜெயித்தோம்.

கெலெரா


சினாய் முகாம்,
10 நவம்பர் 1996

அன்புத் தங்கைக்கு,

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதை அவளிடம் கொடு. இதை நீ மட்டும் படி.

மே மாதமே முழங்கால் போய்விட்டது. பெரிய அடிகூட இல்லை. யாரும் என்மேல் விழவில்லை. ஓடிக்கொண்டே திரும்பினேன், உள்ளே ஏதோ அறுந்தது. டாக்டர் கத்தி வைத்துப் பார்த்துவிட்டு, நடக்கலாம், வேலை செய்யலாம், பந்தை மறந்துவிடு என்றார். ஜூனில் எழுதிய கடிதம் மைதானத்து ஓரத்தில் ஒரு பெட்டிமேல் காலை நீட்டிக்கொண்டு எழுதியது. அப்பாவிடம் சொல்லாதே. எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலையில் நீ கேட்ட கேள்விக்குப் பதிலை எத்தனையோ முறை எழுதிக் கிழித்தேன். ஆனால் அலுமிதா ஓடியதை நீ எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஜெயித்த இரண்டு ஆட்டத்தையும் விவரமாக எழுது. யார் எங்கே நின்றாள், பந்து எப்படிப் போனது, எல்லாம்.

இலைதியா


வைலோமா,
5 ஜனவரி 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருஷம் நல்லபடியாக விடியட்டும். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பலகையில் கணக்கைத் தப்புத்தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள். அவ்வளவுதான் எழுத முடியும்.

இரண்டு ஆட்டத்தையும் தனித்தாள்களில் எழுதியிருக்கிறேன். கோடு கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு நல்ல செய்தி. ஏப்ரல் கடைசியில் தலைநகர் சுவாவில் பெண்களுக்கென்று முதன்முதலாக ஒரு போட்டி நடத்துகிறார்கள். நம் வடக்குத் தீவுகளுக்கும் ஓர் அணி. ஆட்களைத் தேர்ந்தெடுக்க ரக்பி சங்கச் செயலாளர் பெதேலி நேரில் வந்தார். பாதி அணி என் பெண்கள்தான். பயிற்சியைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "ஓ" என்றார்.

சினாயில் உன் தவணை முடிந்து நீ சுவா படைமுகாமுக்கு வந்ததும் எழுது. காலுக்கு அங்கே நல்ல வைத்தியம் பார்.

கெலெரா


வைலோமா,
16 மார்ச் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுவாவுக்கு வந்து சேர்ந்துவிட்டாய் என்று போதகர் வீட்டில் சொன்னார்கள். பயணம் சுகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சங்கத்திலிருந்து பெண்களுக்கு அறிவிப்பு வந்தது. வடக்கு அணியின் பயிற்சியாளர் என்று உன் பெயர் போட்டிருக்கிறது. நீ எனக்கு எழுதவில்லை. வேலை அதிகமாக இருந்திருக்கும். ஏற்றுக்கொள். உனக்கு ஆட்டம் தெரியும், உன் பெயரை எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கு அது உதவும்.

சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். தோரிக்கா வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். ஆடும்போதெல்லாம் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பவள், பாட்டை நிறுத்திவிடுவாள், அப்போது தெரிந்துகொள். அலுமிதாவைப் பார்த்துக் கத்தாதே, கத்தினால் அடுத்த பந்தை விட்டுவிடுவாள். எதிர்க்காற்றில் அவர்களுக்கு உதைத்து ஆடப் பிடிக்காது, கையில் வைத்துக்கொண்டு போகத்தான் பழக்கியிருக்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் அதிகம் பேசினால் பயந்துவிடுவார்கள். மரவள்ளிக்கிழங்கைக் காலையிலேயே கொடுத்துவிடு, ஆட்டத்துக்குச் சற்று முன்னால் கொடுக்காதே.

பெண்களைப் போன வியாழன் கப்பலேற்றிவிட்டேன். சவுசவு துறையில் மழை. கப்பல் நகர்ந்த பிறகும் தோரிக்கா ஏதோ கத்தினாள், இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. விசிலை அவளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உனக்கு வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கெலெரா


சுவா,
3 ஏப்ரல் 1997

அன்புத் தங்கைக்கு,

நலம். பெண்களும் நலம்.

நான் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. பெதேலி வந்து கேட்டபோது, அந்தப் பெண்களை உருவாக்கியது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சரி என்றேன். மறுபடி ஒரு மைதானத்துக்குள் கால் வைக்கலாம் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது மண்டையில் ஏறவில்லை.

பெண்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சொன்னதைச் செய்தார்கள். முதல் பயிற்சி ஆட்டத்தில் காற்று எதிர்த்து அடித்தது. நான் உதைத்து ஆடச் சொன்னேன், உதைத்தார்கள், தோற்றார்கள். உன் கடிதம் மறுநாள்தான் கைக்கு வந்தது. அடுத்த ஆட்டத்தில் நீ எழுதியபடி ஆடச் சொன்னேன். ஆட்டமே மாறிவிட்டது. முடிந்ததும் தோரிக்கா கேட்டாள்: "சார், இது கோச் சொன்னதுதானே?"

"ஆமா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள்.

என்னை சார் என்கிறார்கள். கோச் என்றால் வைலோமாவில் இருக்கிற ஆள்.

பெதேலியிடம் போனேன். ஆளை மாற்றுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "உன் பேருக்காகத்தான்யா தங்க இடமே குடுத்தாங்க. டீச்சர் நல்லவங்கதான். ஆனா கோட்டோரமா ஒரு பொம்பள நின்னு கத்துனா எல்லாவனும் சிரிப்பான்" என்றார்.

"சிரிக்கட்டும். லம்பாசாவுலயும் சிரிச்சாங்க. அலுமிதா ஓடுனதும் வாயை மூடிக்கிட்டாங்க" என்றேன்.

"நீ விட்டுட்டுப் போனா நான் என்ன பண்றது?"

"கப்பலுக்குச் சீட்டு எடுங்க. எங்க தங்கச்சி வந்துரும்."

முனகிக்கொண்டே எடுத்தார். சீட்டு இதோடு இருக்கிறது. தலைமையாசிரியரிடம் அவரே பேசிவிட்டார். நீ இங்கே வந்து இறங்கும் கப்பலிலேயே நான் ஊருக்கு ஏறுகிறேன். அப்பாவிடம் காலைப் பற்றி நேரில் சொல்ல வேண்டும். விசிலைத் தோரிக்கா எனக்குக் கொடுக்கவே இல்லை. தன் கழுத்திலேயே மாட்டியிருக்கிறாள்.

இலைதியா


சுவா,
4 மே 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், பெண்கள் நலம், என் தொண்டை மட்டும் நலமில்லை. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. துறையில் நாம் நின்று பேசக்கூட நேரமில்லாமல் போனது. நீ படியேறும்போது காலை இழுத்து வைத்ததைப் பார்த்தேன். மருந்து தடவுகிறாயா?

முதல் ஆட்டம் தோற்றோம். பெதேலி சொன்னபடியே சிரித்தார்கள். அடுத்த இரண்டும் ஜெயித்தோம். மூன்றாவதில் தோரிக்கா பாட்டை நிறுத்தியதைக் கவனித்து வெளியே கூப்பிட்டேன், தோள்பட்டை இறங்கியிருந்தது. அவள் இடத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணை இறக்கினேன். எல்லாரும் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள். அந்தப் பெண் ஸ்க்ரமில் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. அரையிறுதியில் தோற்றோம். அலுமிதா அழுதாள். நான் அழவில்லை, ஏனென்றால் அதற்குள் அடுத்த வருஷம் அவளை எங்கே நிறுத்தலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

இப்போது செய்தி. எல்லாத் தீவுகளிலிருந்தும் பெண்களைச் சேர்த்து ஓர் அணி கட்டப் போகிறார்கள். அடுத்த வருஷம் கடல் கடந்து போய் ஆட. அதற்குப் பயிற்சி கொடுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்க வந்தவர்களிடம் பெதேலி, "இவங்கதான் எங்க கோச்" என்றார். சொல்லிவிட்டு என்னைவிட அவர்தான் நிமிர்ந்து நின்றார்.

சரி என்றேன். ஓர் உதவிப் பயிற்சியாளர் வேண்டும் என்றும் கேட்டேன். கால் சரியில்லை, கோபக்காரர், ஆனால் பந்து இல்லாத இடத்தைப் பார்க்கத் தெரிந்தவர் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். படையில் விடுப்புக்கு அவர்களே எழுதுவார்கள். மைதானத்தில் நீ என்னைக் கோச் என்றுதான் கூப்பிட வேண்டும். தாமதமாக வருகிறவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். உனக்கு மட்டும் நடந்தால் போதும்.

அப்பா என்ன சொன்னார்?

கெலெரா


வைலோமா,
18 மே 1997

கோச் அவர்களுக்கு,

நலம். மருந்து தடவுகிறேன். வருகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். கொப்பரை அடுக்கிக்கொண்டிருந்தார். கைவேலையை நிறுத்தாமல் கேட்டார். முழங்காலைக் காட்டச் சொன்னார், காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் தனியாகவா வைத்திருந்தாய் என்று கேட்டார். கெலெராவுக்குத் தெரியும் என்றேன். அன்று மாலை ஜெபத்தில் என் பெயருக்குப் பிறகு உன் பெயரைச் சொன்னார். விட்டுப்போனதற்கும் சேர்த்தோ என்னவோ, இரண்டு முறை. அம்மா தொண்டையைச் செருமவில்லை, மூக்கைச் சிந்தினாள்.

வரும் வியாழன் கப்பலில் புறப்படுகிறேன். அப்பாவும் வருகிறார். உங்கள் பயிற்சியைப் பார்க்க இல்லையாம். பல்வலியாம், சுவாவில்தான் நல்ல பல் டாக்டர் இருக்கிறாராம். எந்தப் பல் என்று அம்மா கேட்டாள். கப்பலில் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

உதவிப் பயிற்சியாளர்,
இலைதியா